ரெட் சிண்ட்ரோம்: சுண்டெலியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

கேள்வி: என் அக்கா மகளுக்கு ரெட் சிண்ட்ரோம் என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. 2007-லேயே எலிகளில் இந்த நோயைச் சரிசெய்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் இத்தனை வருஷமாகக் குழந்தைகளுக்கு ஏன் அது வரவில்லை? எலி மூளை வேறு, மனித மூளை வேறுதானே, இந்த ஆய்வுகளை நம்பலாமா? அவளுக்கு இருக்கும் அதே மரபணுப் பிறழ்வுடன் ஓர் எலியை உருவாக்கித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. பணம் கட்டலாமா?

பதில்:

2007-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் எலிகளில் நடந்தது உண்மைதான், அதில் மிகை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆய்வாளர்கள் விடை தேடியது "இந்த நோய் மூளையை மீட்க முடியாதபடி கெடுத்துவிடுகிறதா?" என்ற கேள்விக்கு. "குழந்தைக்கு என்ன மருந்து கொடுப்பது?" என்பது வேறு கேள்வி. செய்திகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. உங்கள் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குழந்தை நரம்பியல் மருத்துவர் இல்லை, சுண்டெலிகளை வைத்து நரம்பு மரபியல் ஆய்வு செய்யும் பக்கம் இருப்பவன். சிகிச்சை பற்றிய முடிவுகளை அவளைப் பார்க்கும் மருத்துவரோடு பேசி எடுங்கள். எலிகளைப் பற்றி மட்டும் நான் தைரியமாகப் பேசுவேன்.

ரெட் என்பது, குழந்தை கற்றதையும் பேச்சையும் இழந்துபோகும் மூளை வளர்ச்சிக் கோளாறு. அதன் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அதனால் சுருக்கமாக. வியன்னாவைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவர் 1954-இல் தன் கிளினிக்கில் காத்திருந்த இரண்டு சிறுமிகள் ஒரே மாதிரி கைகளைப் பிசைந்துகொண்டிருந்ததைக் கவனித்தார். 1966-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1983-இல் சுவீடனின் பெங்ட் ஹாக்பெர்க்கும் சக மருத்துவர்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் உலகம் விழித்தது. 1999-இல் ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் ஹூதா ஸோக்பியின் ஆய்வகம், ரூத்தி அமீரின் உழைப்பில், காரணமான மரபணுவைப் பிடித்தது. அதன் பெயர் மெக்பி2. எக்ஸ் குரோமோசோமின் நுனியோரத்தில் இருக்கிறது. 10,000 முதல் 15,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது.

சுவாரசியம் என்னவென்றால், அந்த மரபணு தரும் புரதத்தை ஏட்ரியன் பேர்ட் என்பவரின் குழு 1992-லேயே கண்டெடுத்துவிட்டது. அதற்கும் ரெட் நோய்க்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி ஒட்டியிருக்கும். மெக்பி2 புரதம் அந்தக் குறிகளைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு, மரபணுக்களின் ஓசையைத் தணிக்கும் வேறு சில புரதங்களை அங்கே வரவழைக்கும். ஒரு மரபணுவை அடியோடு நிறுத்துவது இதன் வேலை இல்லை. ஆயிரக்கணக்கான மரபணுக்களைக் கொஞ்சம் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. நியூரான்கள் எனப்படும் நரம்பு செல்களில் இந்தப் புரதம் மிக அதிகம். அதனால்தான் இது கெட்டால் அடி முதலில் மூளைக்கு விழுகிறது.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை புதிதாக, அதிலும் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நடக்கும் தற்செயலான எழுத்துப் பிழைகள். தந்தை தன் எக்ஸ் குரோமோசோமை மகளுக்குத்தான் கொடுக்க முடியும், மகனுக்குக் கொடுப்பது ஒய். நோய் சிறுமிகளிடம் இவ்வளவு அதிகமாகக் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கர்ப்பத்தில் சாப்பிட்டது, சாப்பிடாதது, கிரகணம், பயந்தது எதுவும் இதில் இல்லை. உங்கள் அக்காவிடம் இதை யாராவது இன்னும் சொல்லாமல் இருந்தால், நீங்கள் சொல்லுங்கள்.

இனி சுண்டெலிக்கு வருவோம். ஏன் சுண்டெலி? கர்ப்பகாலம் மூன்று வாரம், இரண்டு மாதத்தில் இனப்பெருக்க வயது, மனித மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதனிடம் இணை உண்டு. மெக்பி2 அதற்கும் எக்ஸ் குரோமோசோமில்தான் இருக்கிறது. இரண்டு இனங்களின் புரதமும் ஏறக்குறைய ஒன்றே. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, சுண்டெலியில் நாம் விரும்பிய ஒரு மரபணுவை, விரும்பிய செல்களில், விரும்பிய வயதில் அணைக்கவும் ஏற்றவும் முடியும். ஒரு குழந்தையிடம் நோயைப் பார்க்கலாம், விவரிக்கலாம், அளக்கலாம். "இந்த மரபணு இவளுக்கு ஐந்து வயதில் திரும்பக் கிடைத்திருந்தால்?" என்று சோதித்துப் பார்க்க முடியாது. எலியில் முடியும்.

2001 மார்ச்சில் இரண்டு குழுக்கள் ஒரே இதழில் மெக்பி2 நீக்கப்பட்ட எலிகளை வெளியிட்டன. ஒன்று எடின்பரோவில் பேர்டின் குழு, மற்றொன்று அமெரிக்காவில் வைட்ஹெட் நிறுவனத்தில் ரூடால்ஃப் யேனிஷின் குழு. மரபணு முற்றிலும் இல்லாத ஆண் எலிகள் பிறக்கும்போது சாதாரணமாகவே இருந்தன. சில வாரங்களில் நடை தள்ளாடியது, உடல் நடுங்கியது, மூச்சு ஒழுங்கிழந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினால் ஆரோக்கியமான எலி பின்னங்கால்களை விரிக்கும், இவை இறுக்கிக் கோத்துக்கொண்டன. பெரும்பாலானவை இரண்டு மூன்று மாதங்களுக்குள் இறந்தன. நீக்கத்தை மூளையின் செல்களில் மட்டும் செய்தபோதும் ஏறக்குறைய அதே விளைவுதான் வந்தது. இது மூளையிலிருந்து தொடங்கும் நோய் என்று அதனால் தெரிந்தது.

பெண் எலிகளின் கதை வேறு, உங்கள் அக்கா மகளுக்கு நெருக்கமானதும் அதுதான். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லும் கருவின் ஆரம்பத்திலேயே அவற்றில் ஒன்றை உறங்க வைத்துவிடும். எந்த எக்ஸ் உறங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். இதை 1961-இல் முன்வைத்தவர் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் இருந்த மேரி லயன், அவர் அதை ஊகித்ததே பெண் சுண்டெலிகளின் திட்டுத்திட்டான ரோம நிறத்தைப் பார்த்துத்தான். ஆகவே ரெட் உள்ள சிறுமியின் மூளையில் சுமார் பாதி நியூரான்களில் மெக்பி2 நன்றாக வேலை செய்கிறது, பாதியில் இல்லை. பெண் எலியிலும் அப்படியே. ஆனால் அதற்கு அறிகுறிகள் தெரியப் பல மாதங்கள் ஆகும், எலிக்கு எலி கடுமையும் மாறும். ஆய்வு மாணவர் ஒருவருக்கு இது பெரிய இடைஞ்சல். ஆண் எலியோ வேகமாக, ஒரே சீராக நோய்ப்படும். அதனால் பல வருடங்களாக மருந்துச் சோதனைகளில் பெரும்பகுதி ஆண் எலிகளிலேயே நடந்தது. வசதிக்காகச் செய்த இந்தத் தேர்வு பின்னால் எவ்வளவு தொல்லை தந்தது என்பதற்கு வருகிறேன்.

அதற்கு முன் எலி எங்கே பிரமாதமாகப் பயன்பட்டது என்று பார்ப்போம். அறிகுறிகளை மூளையின் தனித்தனிப் பகுதிகளோடு இணைக்க முடிந்தது. ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதியின் ஒரு வகை நியூரான்களில் மட்டும் மெக்பி2-ஐ நீக்கினால் எலி அதிகம் தின்றது, சண்டைக்குப் போனது. 2010-இல் ஸோக்பியின் ஆய்வகம், மூளையைத் தணிக்கும் காபா நியூரான்களில் மட்டும் நீக்கிப் பார்த்தது. அந்த ஒரு வகை போதும், ரெட் நோயின் பல அம்சங்கள் வந்துவிட்டன. முன்னங்கால்களை ஓயாமல் அசைக்கும் பழக்கம் உட்பட. குழந்தைகளின் கைப்பிசைதலுக்கு எலியில் கிடைத்த நெருங்கிய சாயல் அது. எந்த மனித ஆய்வும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

இப்போது 2007. ஜாக்கி கை என்ற ஆய்வாளரும் பேர்டும் சகாக்களும் செய்தது இது. மெக்பி2 மரபணுவை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, நடுவில் ஒரு நிறுத்தத் துண்டைச் செருகினார்கள். புரதம் உருவாகாது. அந்தத் துண்டை வெட்டியெறியும் நொதி ஒன்றும் ஒவ்வொரு செல்லிலும் காத்திருந்தது, ஆனால் டாமாக்ஸிஃபென் என்ற மருந்து வந்தால்தான் அது செல்லின் உட்கருவுக்குள் நுழையும். (மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அதே டாமாக்ஸிஃபென்தான். அதைக் கேள்விப்பட்டுவிட்டு ரெட் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கூடாது. குழந்தையிடம் அந்த நிறுத்தத் துண்டும் இல்லை, நொதியும் இல்லை.) எலிகள் நோயில் விழுந்து, சில சாகும் தறுவாய்க்குப் போன பிறகு டாமாக்ஸிஃபென் ஊசி போட்டார்கள். நடுக்கம் குறைந்தது, மூச்சு சீரானது, நடை திரும்பியது. வளர்ந்த பெண் எலிகளிலும் அறிகுறிகள் பின்வாங்கின. நினைவோடு தொடர்புடைய நரம்பிணைப்பு வலுவும் மீண்டது.

அதுவரை மூளை வளர்ச்சிக் கோளாறு என்றால் ஒரு காலக்கெடு தவறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணமே ஓங்கியிருந்தது. அந்த எண்ணம் ரெட் விஷயத்தில் உடைந்தது. ரெட் நோயில் நியூரான்கள் கூட்டமாகச் சாவதில்லை. சிறுத்து, கிளைகள் குறைந்து, வேலை தடுமாறி நிற்கின்றன. உயிரோடு இருப்பதால் மீள முடிகிறது. 2011-இல் இதன் மறுபக்கமும் தெரிந்தது. வளர்ந்து முதிர்ந்த எலியில் மெக்பி2-ஐ நீக்கினாலும் ரெட் போன்ற நோய் வந்தது. ஆக, இந்தப் புரதம் மூளையைக் கட்டுவதற்கு மட்டும் தேவைப்படுவதல்ல, கட்டிய மூளை நாள்தோறும் ஓட ஆயுள் முழுக்க வேண்டும். ஒரு ஊசியில் முடியும் சிகிச்சையாக இருந்தாலும் அதன் பலன் நிலைத்து நிற்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இதே 2007 ஆய்வில் செய்திகள் விட்டுவிட்ட ஒரு விஷயம் உண்டு. டாமாக்ஸிஃபெனைத் தொடர்ந்து நாள்தோறும் கொடுத்து மரபணுவை வேகமாக ஏற்றியபோது ஏறக்குறைய பாதி எலிகள் செத்துப்போயின. வார இடைவெளியில் மெல்ல ஏற்றியபோதுதான் பிழைத்தன. பெற்றோர் கூட்டங்களில் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் அடுத்து வரப்போகிற சிக்கலுக்கு இது முன்னறிவிப்பு.

மெக்பி2 குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். 2004-இல் ஸோக்பியின் குழு வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு மெக்பி2 உள்ள எலிகளை உருவாக்கியது. முதலில் நன்றாக இருந்த அவை நாளடைவில் வலிப்பும் நடைக்கோளாறும் வந்து இளமையிலேயே இறந்தன. மறு ஆண்டே மருத்துவர்கள் மனிதரிலும் அதைக் கண்டார்கள். மெக்பி2 மரபணு இரட்டித்துப்போன சிறுவர்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பேச்சின்மை, அடிக்கடி தொற்றுகள். மனித நோயை எலி முன்கூட்டிக் காட்டிய அபூர்வமான தருணங்களில் இது ஒன்று. 2015-இல் அந்த எலிகளிலும் கூடுதல் அளவைக் குறைத்தபோது, வயது வந்த பிறகும் நோய் பின்வாங்கியது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியும். 2007 எலியில் நல்ல மரபணு ஏற்கெனவே ஒவ்வொரு செல்லிலும் இருந்தது. அதுவும் தன் சொந்த இடத்தில், எவ்வளவு புரதம் உருவாக வேண்டும் என்று சொல்லும் தன் சொந்த டி.என்.ஏ. வரிகளோடு. மூடியைத் திறந்தார்கள், சரியான அளவு தானாக வந்தது. குழந்தைக்கு மரபணுவை வெளியிலிருந்து வைரஸ் ஒன்றில் ஏற்றி அனுப்ப வேண்டும். மூளையின் எல்லா நியூரான்களையும் அது எட்டாது. எட்டிய செல்லில் ஒரு பிரதி விழுமா பத்து விழுமா என்பதும் நம் கையில் இல்லை. அதற்கும் மேலே, ரெட் சிறுமியின் மூளையில் பாதி செல்கள் ஏற்கெனவே நலமாக இருக்கின்றன. வைரஸுக்கு எது நல்ல செல், எது கெட்ட செல் என்று தெரியாது. நல்ல செல்லிலும் கொண்டுபோய் இறக்கினால் அங்கே இரட்டிப்பு நோய்.

இப்போது ஆண் எலி விஷயம் விளங்கும். அதனிடம் மெக்பி2 உள்ள செல் ஒன்றுகூட இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் ஓரளவுக்குத் தாங்கும், நன்மைதான் பெரிதாகத் தெரியும். அளவு மிஞ்சுவதன் ஆபத்து பெண் எலியிலும் இயல்பான எலியிலும்தான் வெளிப்படும். ஆண் எலியில் மட்டும் செய்த மரபணு சிகிச்சை ஆய்வு ஒன்றை நீங்கள் படித்தால், பாதி விடைத்தாளைத்தான் பார்க்கிறீர்கள்.

மருந்துகள் விஷயத்தில் எலியின் பெயர் இன்னும் கெட்டுப்போயிருக்கிறது. மூன்று கதைகள் சொல்கிறேன். மூன்றும் வெவ்வேறு விதமாகத் தோற்றவை.

2012-இல் வர்ஜீனியாவிலிருந்து ஒரு பரபரப்பான ஆய்வு வந்தது. மெக்பி2 இல்லாத எலிகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினால், மூளையின் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் புதுப்பிக்கப்பட்டு நோய் நிற்கிறது, ஆயுள் நீள்கிறது என்றார்கள். மஜ்ஜை மாற்றம் ஏற்கெனவே மருத்துவமனைகளில் செய்யப்படுவது, ஆகவே பெற்றோரிடையே எவ்வளவு நம்பிக்கை எழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2015-இல் வேறு பல ஆய்வகங்கள் சேர்ந்து அதையே, ஒன்றுக்கு மேற்பட்ட வகை ரெட் எலிகளில் செய்து பார்த்தன. பலன் இல்லை. முதல் ஆய்வை வெளியிட்ட அதே இதழில் அந்த முடிவும் வந்தது. இந்த இரண்டாவது ஆய்வுக்குக் கிடைத்த கவனம் முதலாவதற்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குகூட இல்லை. என்னைக் கேட்டால், துறையில் அந்த ஆண்டு நடந்த மிக உபயோகமான வேலை அதுதான்.

இரண்டாவது கதை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அணுகுமுறை அழகானது. பேய்லரில் மோனிகா ஜஸ்டிஸின் குழு, மருந்தைத் தேடாமல், ரெட் எலிகளின் மற்ற மரபணுக்களில் வேதிப்பொருளால் கண்டபடி பிறழ்வுகளை ஏற்படுத்தி, எந்த எலி எதிர்பாராமல் நன்றாக இருக்கிறது என்று தேடியது. அப்படித் தேறிய எலிகளில் ஒரு வம்சத்தை ஆராய்ந்தபோது, கொலஸ்டிரால் உற்பத்தி செய்யும் பாதையில் உள்ள ஒரு மரபணு உடைந்திருந்தது. ரெட் நோயில் கொழுப்பு வளர்சிதை மாற்றமும் தடுமாறுகிறது என்று யாருக்கு முன்பு தோன்றியது? 2013-இல் வந்த அந்த ஆய்வில், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளும் எலிகளுக்கு உதவின. ஆனால் பின்னர் வேறு வம்சத்து ரெட் எலிகளுக்கு ஸ்டேட்டின் கொடுத்துப் பார்த்த குழுவுக்கு முன்னேற்றம் கிடைக்கவில்லை.

வம்சம் என்பது ஆய்வகத்துக்கு வெளியே உள்ளவர்கள் கவனிக்காத சங்கதி. ஆய்வக எலிகள் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளுக்குள்ளேயே இணைக்கப்பட்டவை. ஒரு வம்சத்தில் எல்லா எலியும் கிட்டத்தட்ட இரட்டையர் மாதிரி. பிளாக் 6 என்பது ஒரு வம்சம், 129 என்பது இன்னொன்று. அதே மெக்பி2 பிறழ்வு பிளாக் 6-இல் எலியை மெலிய வைக்கிறது, 129 கலந்தால் உடல் பெருக்கிறது. ஒரு வம்சத்தில் மட்டும் வேலை செய்த மருந்து, ஒரே ஒரு குடும்பத்தில் மட்டும் சோதித்த மருந்துக்குச் சமம். மனிதக் குழந்தைகளோ ஒவ்வொருவரும் ஒரு வம்சம். ஒரே பிறழ்வு உள்ள இரண்டு சிறுமிகளில் ஒருத்தி நடப்பதும் மற்றவள் நடக்காததும் ஏன் என்பதற்கு, எந்த எக்ஸ் எத்தனை செல்களில் உறங்கியது என்பதோடு இந்தப் பின்னணியும் சேர்ந்துதான் காரணம்.

மூன்றாவது, சாரிசோடான் என்ற மருந்து. ரெட் சிறுமிகளுக்கு விழித்திருக்கும்போதே மூச்சு நின்று நின்று வரும். எலிகளுக்கும் அப்படியே. ஒரு சிறிய கூண்டில் காற்றழுத்த மாற்றத்தை அளந்து மூச்சை எண்ணிவிடலாம் என்பதால் இது நல்ல அளவுகோல். சாரிசோடான் ஒன்றுக்கு மேற்பட்ட வகை ரெட் எலிகளில் மூச்சுத்தடையை வெகுவாகக் குறைத்தது. அளவுகோல் இரண்டு இனத்துக்கும் பொது, விளைவு பெரிது, குறையே சொல்ல முடியாது. 2020-இல் மனிதச் சோதனை முடிவு வந்தது, வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. முந்தைய இரண்டு கதைகளிலும் எங்கே சறுக்கியது என்று விரல் வைக்கலாம். இதில் எலி ஆய்வைக் குற்றம் சொல்வது கடினம், எலி மனிதன் இல்லை என்பதைத் தவிர.

இந்தத் தோல்விகள் துறையைக் கொஞ்சம் திருத்தியிருக்கின்றன. பெண் எலிகளிலும் செய், ஒன்றுக்கு மேற்பட்ட வம்சத்தில் செய், எந்த எலிக்கு என்ன கொடுத்தோம் என்று தெரியாதவர் அளவிடட்டும், வேறு ஆய்வகம் ஒன்று திரும்பச் செய்து பார்க்கட்டும் என்பவை இன்று எழுதப்பட்ட பரிந்துரைகள். எல்லோரும் பின்பற்றுகிறார்களா என்றால், இல்லை. பெண் எலிக்குப் பல மாதம் காத்திருக்கும் செலவை மானியக் குழுக்கள் விரும்புவதில்லை.

வெற்றி ஒன்றும் உண்டு, அடக்கமான வெற்றி. ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் நுனியில் உள்ள மூன்று அமினோ அமிலத் துண்டு ரெட் எலிகளுக்கு உதவுவதை 2009-இல் எம்.ஐ.டி.யின் மிருகங்கா சூர் குழு காட்டியது. அத்துண்டைச் சற்று மாற்றி உருவாக்கிய டிரோஃபினெடைட் என்ற மருந்துக்கு 2023 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ரெட் நோய்க்கென்றே அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து. 187 சிறுமிகளும் இளம்பெண்களும் பங்கேற்ற 12 வாரச் சோதனையில் பராமரிப்பவர்களின் மதிப்பீட்டிலும் மருத்துவரின் மதிப்பீட்டிலும் முன்னேற்றம் தெரிந்தது. அளவில் சிறிய முன்னேற்றம்தான், வயிற்றுப்போக்கு பெரும்பாலோருக்கு வந்தது. நோயின் வேரைத் தொடும் மருந்தும் அல்ல.

வேரைத் தொட முயல்பவை மரபணு சிகிச்சைகள். 2017-இல் பேர்டின் குழு மெக்பி2 புரதத்தை வெட்டிக்கொண்டே போய், மெத்தில் குறியைப் பிடிக்கும் பகுதியும், தணிக்கும் புரதங்களை அழைக்கும் பகுதியும் மட்டும் மிஞ்சிய குட்டிப் புரதத்தை எலிக்குக் கொடுத்தது. மற்ற எல்லாம் போயும் அந்த எலிகள் ஓரளவு நன்றாகவே வாழ்ந்தன. வைரஸின் கொள்ளளவு சிறியது, ஆகவே சின்ன மரபணு என்றால் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் இடம் மிஞ்சும். டேஷா என்ற நிறுவனத்தின் சிகிச்சை குட்டி மரபணுவை எடுத்துக்கொண்டு, செல்லில் மெக்பி2 மிஞ்சினால் தானே அடங்கும் ஓர் ஏற்பாட்டையும் சேர்த்திருக்கிறது. நியூரோஜீன் நிறுவனம் முழு மரபணுவை வேறொரு தற்கட்டுப்பாட்டு ஏற்பாட்டோடு கொடுக்கிறது. இரண்டும் மனிதச் சோதனையில் இருக்கின்றன. இரண்டின் வடிவமைப்பிலும் 2004 எலியின் எச்சரிக்கை பதிந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த எலி இல்லாமல் யாராவது நேராகக் குழந்தைகளுக்குக் கட்டுப்பாடற்ற மெக்பி2-ஐச் செலுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதே சமயம் 2024 நவம்பரில் நியூரோஜீன் சோதனையில் அதிக அளவு பெற்ற ஒருவர், உடலின் எதிர்ப்பு மண்டலம் கட்டுமீறிக் கிளம்பியதில் இறந்தார். அதிக அளவை நிறுவனம் கைவிட்டு, குறைந்த அளவோடு தொடர்ந்தது. பெருமளவு வைரஸுக்கு மனித உடல் எப்படிச் சீறும் என்பதில் சுண்டெலி நம்பத்தகுந்த சாட்சி இல்லை. குரங்குகள்கூட ஓரளவுக்குத்தான். உங்களிடம் யாராவது "எலிகளில் முற்றிலும் பாதுகாப்பாக இருந்தது" என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

எலி காட்டாத வேறு சிலவும் உண்டு. பேச்சு போய்விடுவதை எலியில் பார்க்க முடியாது. கண்ணாலேயே பேசும் அந்தச் சிறுமிகளின் பார்வைக்கும் எலியில் ஈடு இல்லை. கற்றதை இழக்கும் அந்தப் பின்னடைவுக் கட்டம், ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் தொடங்குகிறதே, அதுவும் எலியில் தெளிவாக இல்லை. இதற்காகவே சுண்டெலிக்கு மாற்றாக மெக்பி2 பிறழ்ந்த பெரிய ஆய்வக எலிகள் (ராட்), குரங்குகள், நோயாளியின் தோல் செல்லிலிருந்து வளர்த்த நியூரான்கள் என்று பலவும் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் ஒரு துண்டைக் காட்டுகிறது.

கடைசியாக அந்த நிறுவனம். அவளுடைய மரபணு அறிக்கையை எடுத்துப் பாருங்கள், பிறழ்வின் பெயர் இருக்கும். ரெட் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு எட்டே எட்டுப் பொதுவான பிறழ்வுகளில் ஒன்றுதான் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு எலிகள் ஏற்கெனவே உண்டு. டி158எம், ஆர்306சி, ஆர்133சி ஆகிய மூன்றுக்கும் எடின்பரோவில் எலிகள் உருவாக்கி 2016-இல் ஒப்பிட்டார்கள். டி158எம் கடுமை, ஆர்306சி நடுத்தரம், ஆர்133சி மிதம் என்று வந்தது, குழந்தைகளிலும் பொதுவாக அதே வரிசைதான். ஆர்168எக்ஸ், ஆர்255எக்ஸ் போல புரதத்தைப் பாதியில் முறிக்கும் பிறழ்வுகளுக்கும் எலிகள் உள்ளன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்ஸன் ஆய்வகம் போன்ற சேமிப்பகங்கள் ரெட் எலி வம்சங்களை ஆய்வாளர்களுக்கு அனுப்புகின்றன. அவள் பிறழ்வு இந்தப் பட்டியலில் இருந்தால், இருப்பதையே இன்னொரு முறை செய்ய நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

பட்டியலில் இல்லாத அபூர்வப் பிறழ்வு என்றாலும், கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி வந்தபின் எலியைச் செய்வது பெரிய காரியம் இல்லை. செய்த பிறகு யார் அதை வளர்ப்பார்கள், எந்த மருந்தை, எத்தனை பெண் எலிகளில், எத்தனை மாதம் சோதிப்பார்கள், முடிவை வெளியிடுவார்களா என்பதே கேள்வி. அந்த நிறுவனத்திடம் இவற்றுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். எலியை ஒப்படைத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் அவளுக்குக் கண்பார்வையால் இயக்கும் தொடர்புக் கருவியும், தொடர்ச்சியான பிசியோதெரபியும், முதுகெலும்பு வளைவுக்கும் வலிப்புக்கும் ஒழுங்கான கண்காணிப்பும் வாங்கலாம். வருங்காலச் சிகிச்சை எதுவாக இருந்தாலும், மூட்டுகள் இறுகாமல், எடை குறையாமல், முதுகு வளையாமல் இருக்கும் குழந்தைக்கு அது அதிகம் கைகொடுக்கும்.

அறிக்கையில் உள்ள பிறழ்வின் பெயரை மட்டும் இங்கே எழுதுங்கள். குழந்தையின் பெயரோ மருத்துவமனையின் பெயரோ வேண்டாம். அதற்கு எலி இருக்கிறதா, அதில் இதுவரை என்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தேடிச் சொல்கிறேன்.